ஐந்தாம் அத்தியாயத்தில் நின்றுபோன நாவலை மறுபடி நகர்த்துவது எப்படி?

கேள்வி: நாவல் எழுத ஆரம்பித்து ஐந்து அத்தியாயம் முடித்தேன். வேலை, போன், அலுப்பு எல்லாம் சேர்ந்து இரண்டு மாதமாக ஒரு வரிகூட நகரவில்லை. எப்படித் தொடர்வது?

பதில்:

பலருக்கும் நாவல் நிற்கிற இடம் இதுதான். ஆரம்பத்தில் மனத்தில் இருந்த காட்சிகள் இதற்குள் தீர்ந்துபோயிருக்கும். அடுத்து என்ன என்று தெரியாமல் உட்காரும்போதுதான் கை போனைத் தேடுகிறது. அதனால் போனைக் கவனிப்பதற்கு முன்னால் அடுத்த காட்சியை முடிவு செய்யுங்கள்.

அந்த வேலையை முந்தைய நாளே செய்துவிட வேண்டும். ஒரு காட்சியை முழுசாக முடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். அடுத்த பேச்சு என்னவென்று நன்றாகத் தெரிகிற இடத்தில், பாதியில் நிறுத்துங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்: யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது. "மாமியார் நகையைக் கேட்கிறாள். அது அடகில் இருக்கிறது, மருமகள் சொல்ல முடியாது. கணவன் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான்." இவ்வளவு போதும். வெறுமனே "நகைச் சண்டை" என்று குறித்து வைத்தால் மறுநாள் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டிவரும்.

தினசரி அளவை ஆங்கில எழுத்தாளர்களைப் பார்த்து வைக்காதீர்கள். ஆண்டனி டிரோலப் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, எதிரே கடிகாரத்தை வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 சொல் எழுதினார். அந்த ஒழுங்கை எடுத்துக்கொள்ளலாம், எண்ணிக்கையை அல்ல. ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாக வருவது தமிழில் "வந்திருக்கமாட்டானே" என்று ஒரே சொல்லாக முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவருக்கு 45 நிமிடம், 300 தமிழ்ச் சொல், வாரம் ஐந்து நாள் என்பது நடக்கக்கூடிய கணக்கு. வாரத்துக்கு 1,500, நாற்பது வாரத்தில் 60,000. நல்ல கனமான நாவலுக்கு அது தாராளம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் 1,500 எழுதிவிடலாம் என்று வைத்தால், ஒரு கல்யாணம் வந்தாலே அந்த வாரம் போய்விடும்.

போனைச் சைலண்டில் போட்டு மேசையில் வைப்பது பயன்படாது. வேறு அறையில் வையுங்கள். போனிலேயே எழுதுகிறவர் என்றால் அந்த 45 நிமிடமும் டேட்டாவை அணைத்துவிடுங்கள். எழுத்தாளரை அதிகம் ஏமாற்றுவது தகவல் தேடல்தான், அது வேலை மாதிரியே தெரியும். 1978இல் மதுரையிலிருந்து திருமங்கலத்துக்குப் பஸ் கட்டணம் எவ்வளவு என்று தேடப் போனால் அரை மணி நேரம் காணாமல் போகும். அந்த இடத்தில் @@ என்று போட்டுவிட்டு மேலே போங்கள். வாரக் கடைசியில் @@ இருக்கிற இடங்களை மட்டும் தேடி நிரப்பலாம்.

திருத்தமும் அப்படித்தான். முதல் வரைவில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்க்கவே பார்க்காதீர்கள். தினமும் முதல் அத்தியாயத்திலிருந்து படித்துத் திருத்தினால் அது இருபது முறை மெருகேறும், ஆறாவது அத்தியாயம் பிறக்காது. நேற்றைய கடைசிப் பத்திக்கு முந்தைய பகுதிக்குத் திரும்பிப் போகக் கூடாது. எட்டாவது அத்தியாயத்தில் தங்கையைத் தம்பியாக மாற்றத் தோன்றினால், நோட்டில் குறித்துக்கொண்டு, முதலிலிருந்தே தம்பிதான் என்பதுபோல எழுதிக்கொண்டு போங்கள்.

தட்டச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிறவர்கள் ந, ன, ண மூன்றுக்கும் நடுவே ஒவ்வொரு முறையும் தடுமாறுவார்கள். தமிழ் எழுத்தையே நேராக அடிக்கிற தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். பழகும்வரை வேகம் குறையும், அப்புறம் கை தானாக ஓடும். குரல்வழித் தட்டச்சு நேரான உரைநடைக்குச் சரி. வட்டார வழக்கில் உரையாடல் சொன்னால் அது தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிப் போடும், திருத்துவதே பெரிய வேலையாகிவிடும்.

இவ்வளவு செய்தும் நகரவில்லை என்றால் தேக்கம் எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். நாவல் முழுக்கவே சலிப்பாக இருந்தால், பழுது பெரும்பாலும் இரண்டு மூன்று காட்சிக்கு முன்னால் இருக்கும். கதாபாத்திரம் தன் இயல்புக்காக இல்லாமல் உங்கள் கதைத் திட்டத்துக்காக ஏதோ செய்திருக்கும். "இவள் உண்மையில் இதற்குச் சம்மதிப்பாளா?" என்று ஒவ்வொரு காட்சியாகக் கேட்டுக்கொண்டே பின்னால் போங்கள். இடறுகிற இடம் தெரிந்துவிடும், அங்கிருந்து புதிதாகக் கிளை பிரியுங்கள். பழையதை அழிக்காமல் வேறு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு காட்சி மட்டும் வரவில்லை என்றால், பின்னால் வரும் காட்சிகளில் தெளிவாகத் தெரிகிற ஒன்றுக்குத் தாவுங்கள். தூக்கம் கெட்டு உடம்பு அசந்திருந்தால் எந்த உத்தியும் வேலை செய்யாது. அந்த வாரம் ஐம்பது சொல் போதும்.

உங்கள் விஷயத்தில் இரண்டு மாத இடைவெளி விழுந்திருக்கிறது. முழுசாகத் திரும்பப் படிக்க வேண்டாம், குறைகள் மட்டும் கண்ணில் பட்டு மனம் விட்டுப்போகும். கடைசி இரண்டு பக்கத்தைப் படியுங்கள். கடைசிப் பத்தியை அப்படியே இன்னொரு முறை கையால் எழுதுங்கள், நடையின் தாளம் திரும்ப வரும். முதல் மூன்று நாள் நூறு சொல் மட்டும், வந்தாலும் அதற்கு மேல் வேண்டாம். நாலாம் நாளிலிருந்து 300.