மகன் ஊழியத்துக்குப் போகிறேன் என்கிறானா? டர்பன் பெற்றோருக்கு

தென்னாப்பிரிக்கப் பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் எழுதும் மகன் போதகராக வேண்டும் என்கிறான், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. தடுக்க வேண்டாம். ஆனால் காணிக்கையை மட்டுமே நம்பிப் பிழைக்கும்படி அனுப்பிவிடாதீர்கள்.

டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் 40 குடும்பங்கள் உள்ள ஒரு சபை என்று வைத்துக்கொள்வோம். தவறாமல் தசமபாகம் கொடுப்பவை 15. மாதம் 18,000 ராண்ட் வருகிறது. பள்ளி மண்டப வாடகை, மின்சாரம், ஒலிபெருக்கிப் பழுது, ஆஸ்பத்திரிக்கும் அடக்க ஆராதனைக்கும் ஓடும் பெட்ரோல் எல்லாம் போகப் போதகர் கையில் 7,000 மிஞ்சினால் பெரிது. கொடுப்பவர்களில் பலர் ஓய்வூதியக்காரர்கள். படித்த பிள்ளைகள் ஜொகானஸ்பர்க்குக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள். இரண்டு குடும்பம் இடம் மாறினாலே சம்பளம் ஆட்டம் காணும். அதனால், அழைக்கும் சபையிடம் மூன்று வருடக் கணக்கைக் கேளுங்கள். அது விசுவாசக் குறைவல்ல. பதிவுபெற்ற லாபநோக்கற்ற அமைப்பாக இருந்தால், நிதியாண்டு முடிந்த 9 மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்கு அறிக்கை கொடுத்தே ஆகவேண்டும். கணக்கு இல்லை என்றால் அங்கே போகவேண்டாம்.

நியமனக் கடிதமும் அவசியம். ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவருக்கும் திருச்சபைக்கும் இருந்தது வேலை ஒப்பந்தமல்ல என்று 2001-இல் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாளை நீக்கிவிட்டால், வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சிசிஎம்ஏ-வில் (CCMA) முறையிட வழியில்லாமல் போகலாம். சம்பளம், விடுப்பு, ஓய்வுநிதி, சபை வீட்டைக் காலி செய்யும் கெடு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். சபை வீட்டிலேயே 30 வருடம் வாழ்ந்தவர் ஓய்வுபெறும் நாளில் சொந்தக் கூரையில்லாமல் நிற்பது பெரிய கொடுமை.

டிகிரிக்கு மெட்ரிக்கில் பேச்சலர் பாஸ் வேண்டும். நான்கு பாடங்களிலாவது 50% எடுக்கவேண்டும். வேதாகமக் கல்லூரியின் படிப்பு, தகுதிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான சாக்வாவில் (SAQA) பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனியார் கல்லூரிக்கு அரசின் என்எஸ்ஃபாஸ் (NSFAS) மாணவர் நிதியுதவி கிடைக்காது. இறையியல் முடித்துவிட்டுப் பிஜிசிஇ (PGCE) என்ற ஆசிரியர் பயிற்சி செய்து ஆசிரியராகலாம் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிஜிசிஇ-யில் சேர டிகிரியிலேயே பள்ளிப் பாடங்கள் படித்திருக்கவேண்டும். என் யோசனை இது: ஆங்கிலமும் ஜூலு மொழியும் எடுத்து பி.ஏ., அல்லது நான்கு வருட சமூகப்பணிப் பட்டம். வேலையில் அமர்ந்தபின் யூனிசா (UNISA) பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் இறையியல். பாட்டிமார் தமிழ்க் கீர்த்தனை கேட்பார்கள், பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டும், புதிதாக வாசலேறி வருபவர் ஜூலு பேசுவார். மூன்றும் தெரிந்த போதகருக்குச் சபை நிலைக்கும்.

டிசம்பர் விடுமுறையில் அவனை ஒரு போதகரோடு நான்கு வாரம் விடுங்கள். வார நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குப் போகட்டும், காணிக்கை எண்ணும்போது பக்கத்தில் உட்காரட்டும். அதன்பிறகு விண்ணப்பத்தை நிரப்பலாம்.