ஆறாவது விரல் – கடிதம்

வணக்கம்,

என் பெறாமகளுக்கு முதல் பிள்ளை பிறந்திருக்கிறது. வலக்கைப் பெருவிரலோடு இன்னொரு குட்டி விரல் ஒட்டியிருக்கிறது. ஏழாம் மாதத்தில், கிரகணத்தன்று அவள் மீன் வெட்டியதால் வந்த வினை என்று மாமியார் வீட்டில் கதைக்கிறார்கள். காலஞ்சென்ற அப்பப்பாவுக்கும் அப்படி ஒரு விரல் இருந்ததாம். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவள் அழுதபடியே இருக்கிறாள். நீங்கள் பதில் எழுதினால் வாசித்துக் காட்டுவேன்.

ஒரு வாசகி, கொக்குவில்

அன்புள்ள அக்கா,

ஏழாம் மாதத்தில் விரல் முளைக்காது. இதைத்தான் அவளிடம் முதலில் சொல்லுங்கள். கரு உண்டாகி நாலாம் கிழமையளவில் கை ஒரு சின்ன மொட்டாகத் தெரியும். அப்புறம் துடுப்புப் போலத் தட்டையாகும். இடையில் உள்ள கலங்கள் தாமாகவே இறந்துபோக, எட்டாம் கிழமை முடிவதற்குள் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். கிரகணம் வந்தபோது அந்த விரல் உருவாகி மாதக்கணக்காகிவிட்டது.

இத்தனை விரல் என்று மரபணுவில் எண் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. கை மொட்டில், சின்னவிரல் வரப்போகும் ஓரத்துக் கலங்கள் ‘சொனிக் ஹெட்ஜ்ஹொக்’ என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது எவ்வளவு, எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து விரல்கள் அமைகின்றன. அந்தப் புரதத்துக்கான மரபணுவைக் கையில் எங்கே இயக்குவது என்று தீர்மானிக்கும் டிஎன்ஏத் துண்டு, அதிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் எழுத்துகள் தள்ளி இருக்கிறது! அங்கே ஒரேயோர் எழுத்து மாறினாலே பெருவிரல் பக்கத்திலும் அந்தப் புரதம் சுரந்து, மேலதிக விரல் வரலாம். புரதத்தில் ஒரு குறையும் இல்லை, சுரந்த இடம்தான் வேறு.

இது ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு. இப்படியான மாற்றம் தாய்வழியிலும் வரும், தகப்பன்வழியிலும் வரும், பரம்பரையில் இல்லாமல் புதிதாகவும் வரும். ஒருவரில் வெளியே தெரியாமல் இருந்து அடுத்த தலைமுறையில் தலைகாட்டுவதும் உண்டு. அதற்காக இனி அப்பப்பாவின் மேல் பழியைத் திருப்பாதீர்கள். அவரும் கேட்டு வாங்கியதல்ல.

தாய் உட்கொள்ளும் எதுவும் பிள்ளையைத் தாக்காது என்று நான் சொல்லவில்லை. 1957இல் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் மாத்திரையால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கைகால் குறையோடு பிறந்தார்கள். அதுவும் கைகால் உருவாகும் அந்த ஆரம்பக் கிழமைகளில் எடுத்ததால் நேர்ந்தது. மீனுக்கும் கத்திக்கும் அதில் பங்கில்லை.

சரி, இனிச் செய்யவேண்டியது. யாராவது நூல் கட்டினால் விழுந்துவிடும் என்று சொன்னால் விடாதீர்கள். பெருவிரல் பக்க விரலில் எலும்பும் மூட்டும் சேர்ந்திருக்கக்கூடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வழமையாக ஒரு வயதையொட்டிச் சத்திரசிகிச்சை செய்வார்கள். போகும்போது தகப்பனையும் கூட்டிக்கொண்டு போய், அப்பப்பாவின் விரலைப் பற்றியும் சொல்லுங்கள். வைத்தியர் தகப்பனின் கைகளையும் பார்க்க விரும்பலாம்.