சமுதாயக் கூட வாசலில் மழைத்தோட்டம் சரிப்படுமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். சமுதாயக் கூடத்தின் கூரைத் தண்ணீர் ஐப்பசி, கார்த்திகையில் வாசலிலேயே தேங்குகிறது. அங்கே நம் மண்ணின் செடிகளை வைத்து மழைத்தோட்டம், அதாவது கூரை நீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் தாழ்வான செடிப்பாத்தி, அமைக்க நினைக்கிறோம். களிமண் பூமி, சரிப்படுமா?

பதில்: சரிப்படும். ஆனால் நெல் போட்டுப் பழகிய கை ஒரு தவறு செய்யும். சேறு கலக்கி, மண்ணின் துளைகளை அடைத்து, தண்ணீரைக் கட்டிவைப்பது நம் தொழில். இங்கே வேண்டியது நேர்மாறு: வந்த நீர் இரண்டு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். ஆகவே ஈரக் களியில் மண்வெட்டி போடாதீர்கள். வெட்டிய முகம் பூசியதுபோல் மூடிக்கொள்ளும். மண் காய்ந்திருக்கும்போதே பள்ளத்தை வெட்டி, ஆவணியில் நட்டால் அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும்.

முதலில் ஓரடி ஆழக் குழியில் இருமுறை தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். இரண்டாவதாக ஊற்றியது ஒரு நாளில் வற்றினால் கவலையில்லை. வற்றாவிட்டால் ஒன்றரை அடி தோண்டி, தோண்டிய மண்ணோடு பாதிக்குப் பாதி மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். செலவுக்கு அஞ்சி நாலு கூடை மணலோடு நிறுத்தினால் அது களியோடு இறுகி, செங்கல்தான் கிடைக்கும். மழைக்காலத்தில் பக்கத்துக் கிணற்று நீர் கைக்கெட்டும் அளவுக்கு ஏறுமானால் ஆழம் பயன்படாது, அகலப்படுத்துங்கள்.

கூரை 200 சதுர மீட்டர் என்றால், 50 மி.மீ. மழைக்கு 10,000 லிட்டர் விழும். 50 சதுர மீட்டர் பரப்பில் 20 செ.மீ. தாழ்வு அதைக் கொள்ளும். புயல் மழைக்கு அது காணாது; மிகுநீர் குளத்துக்கோ வடிகாலுக்கோ போக ஒரு வழி விடுங்கள். சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும்.

பள்ளத்தின் நடுவில் கோரை, நீர்ப்பிரம்மி, வல்லாரை. சரிவில் வெட்டிவேர், வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும், மர நிழலில் மட்டும் தேறாது. தரைமூடப் பொடுதலை போதும். கரையில் நொச்சிப் போத்து ஊன்றுங்கள், ஆடுகள் அவ்வளவாகச் சீண்டாது. இடமிருந்தால் தள்ளி ஒரு நீர்மருது. சும்மா கிடைக்கிறதே என்று நெய்வேலிக் காட்டாமணக்கைக் கொண்டுவந்துவிடாதீர்கள். நம் வாய்க்கால்களை அது அடைத்தது போதும்.

முதல் கோடையில் வாரம் இருமுறை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அது யார் என்பதை ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.