சீல் கிட்டை இப்போதே வாங்கிவிடாதீர்கள்

கேள்வி: பர்மிங்ஹாமில் வேலை பார்க்கிறேன். 2005 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று மலிவாக வருகிறது. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஓட்டிச் சூடான பிறகு நிறுத்தினால் அரை மணி நேரத்துக்கு மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி பழசு, வேறொன்றும் இல்லை என்கிறார் விற்பவர். இதிலிருப்பது ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டார் சுழல்வது), பாகங்கள் குறைவு, வீட்டு கராஜிலேயே பிரித்து மாட்டிவிடலாம் என்கிறான் நண்பன். இணையத்தில் ஒரு சீல் கிட்டும் (ரோட்டாரின் ஓரங்களில் கசிவை அடைக்கும் சீல்களின் தொகுப்பு) பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டையும் வாங்கலாமா?

பதில்: காரை வாங்கலாம், ஆனால் இன்ஜின் செத்துவிட்டது என்று கணக்குப் போட்டு விலை பேசுங்கள். கிட்டை இப்போது தொடாதீர்கள்.

குளிரில் ஸ்டார்ட் ஆகிச் சூட்டில் மறுக்கிறது என்றால் முதல் சந்தேகம் கம்ப்ரஷன் (உள்ளே காற்றை அழுத்தும் திறன்) மேல்தான். ஸ்டார்ட்டர் மோட்டார் சோர்ந்து மெதுவாகச் சுற்றினாலும் இப்படி ஆகும் என்பது உண்மை. அதனால்தான் பேச்சை விட்டு அளந்து பார்க்கச் சொல்கிறேன். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் உதவாது. ஒவ்வொரு ரோட்டாருக்கும் மூன்று முகம், ஆக இரண்டு ரோட்டாருக்கு ஆறு எண்கள் வர வேண்டும். சாதாரண கேஜ் மூன்றில் பெரிய எண்ணை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டரில், நிமிடத்துக்கு 250 சுற்றில், இந்த இன்ஜினுக்கு 830 கிலோபாஸ்கல் இருந்தால் நல்லது. 680க்குக் கீழே போனால் முடிந்தது. முகத்துக்கு முகம் 150க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. எத்தனை சுற்றில் அளந்தது என்று எழுதாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு விலை பேசாதீர்கள்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, டைமிங் செயின் இல்லை. இரண்டு ரோட்டார், ஒரு ஷாஃப்ட், அவற்றைச் சுற்றி ஐந்து அடுக்கு. எல்லாவற்றையும் நீள போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும். பிரிப்பதற்கு ஒரு சனிக்கிழமை போதும். பிரித்த பிறகு எதைத் திரும்பப் போடலாம், எதைத் தூக்கி எறியலாம் என்று தீர்மானிப்பதில்தான் வேலையே இருக்கிறது.

கிட்டில் வருவது சீல்கள், ஸ்பிரிங்குகள், ஓ-ரிங்குகள். அந்த சீல்கள் உரசுகிற பரப்பு கிட்டில் வராது. ஹவுசிங்கின் (ரோட்டார் சுழலும் கூட்டின்) உள்புறம் குரோம் பூச்சு; அது ஓரங்களில் உரிந்திருந்தால், ரோட்டாரின் முனைகளில் உட்காரும் அபெக்ஸ் சீலைப் புதிதாகப் போட்டும் பயனில்லை. பிஸ்டன் இன்ஜின் தேய்ந்தால் ரீபோர் அடித்து (சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவோமே, அந்த வழி இங்கே இல்லை. ஓவர்சைஸ் ரோட்டார் என்று ஒன்று கிடையாது. இரண்டு ஹவுசிங்கும் புதிதாக வேண்டுமென்றால் கிட் விலை அதன் பக்கத்தில் சில்லறைக் காசாகத் தெரியும். ஆகவே முதலில் பிரியுங்கள், அளவு எடுங்கள், பிறகு ஆர்டர் போடுங்கள். மாஸ்டாவின் முந்தைய ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-7இன் 13பி இன்ஜினுக்கான கிட்டை “இதற்கும் பொருந்தும்” என்று யாராவது நீட்டினால் விலகிவிடுங்கள். ஆர்எக்ஸ்-8இன் ரெனிசிஸ் இன்ஜினில் எக்ஸாஸ்ட் வாய் (புகை வெளியேறும் துளை) பக்கத் தகடுகளுக்குப் போய்விட்டது, சீல்களும் வேறு.

கருவிச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளைவீல் நட்டுக்கு 54 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். அதை இறுக்க 400 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகும் டார்க் ரெஞ்ச் வேண்டும், வாடகைக்கு எடுத்தால் போதும். மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ், டயல் கேஜ் நல்லதாக வாங்குங்கள். ரோட்டாரின் பக்கவாட்டில் உட்காரும் சைடு சீல்கள் சற்று நீளமாகவே வரும். ஒவ்வொன்றையும் அதன் மூலையில் உள்ள கார்னர் சீலுக்கு 0.05 மில்லிமீட்டர் அளவு இடைவெளி வரும்வரை கையால் அரம் போட வேண்டும். அவசரக்காரருக்கு ஆகாத வேலை. கழற்றிய சீல்களைப் பணியாரச் சட்டி மாதிரி குழிகள் உள்ள தட்டில் இடம் எழுதி வையுங்கள். மாட்டும்போது சீல்கள் நழுவாமல் பிடிக்க வாஸ்லின் போதும்.

நான் உதவப் போன ஒரு வீட்டில், எல்லாம் மாட்டியபின் இன்ஜினைப் படுக்கவைத்து முன்பக்க போல்ட்டைத் தளர்த்திவிட்டார்கள். உள்ளே ஊசி பேரிங் நழுவியது தெரியாமல் மறுபடி இறுக்க, பேரிங் நசுங்கியது. இன்ஜினின் முன்முகம் மேலே பார்க்க நிமிர்த்தி வைத்துத்தான் அந்த போல்ட்டைத் தொட வேண்டும். இறுக்கியபின் ஷாஃப்டின் முன்பின் ஆட்டம் 0.04 முதல் 0.07 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று டயல் கேஜில் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு எதற்கு, ரீபில்ட் செய்த இன்ஜினையே எக்ஸ்சேஞ்சில் எடுத்தால்?

பதில்: நேரம் இல்லாதவருக்கு அதுதான் சரி. ஆனால் “ரீபில்ட்” என்ற ஒரு சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஹவுசிங் புதியதா பழையதா, பேரிங் மாற்றினார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். ஆறு கம்ப்ரஷன் எண்களும் வேண்டும். உங்கள் பழைய இன்ஜினின் ஹவுசிங் கெட்டிருந்தால் கூடுதலாக எவ்வளவு கேட்பார்கள் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். பில் ஏறுவது பெரும்பாலும் அங்கேதான்.

எந்த வழியில் போனாலும் இக்னிஷன் காயில், பிளக், வயர் மூன்றையும் மாற்றிவிட்டு, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காயில் சோர்ந்தால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை அடைத்துவிடும். சூடு திரும்பி இன்ஜினுக்கே வரும். பழைய காயிலோடு புது இன்ஜினை ஓட்டினால் அடுத்த வருடமும் எனக்கு இதே கேள்வியை அனுப்புவீர்கள்.