கோர்ட் வேலை என்கிறாளா? எந்த மேசை என்று முதலில் கேளுங்கள்

அம்மா, உங்கள் கேள்வியில் கோபம் பாதி, பயம் பாதி இருக்கிறது. பி.காம். கடைசி வருடம் படிக்கும் மகள் பேங்க் பரீட்சைக்குப் படிக்காமல் "நம்ம ஊர் கோர்ட்டிலேயே வேலைக்குப் போறேன்" என்கிறாள், கோர்ட் வாசலை மிதிக்காத குடும்பம் எங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, முதலில் அந்தக் கட்டிடத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஏனென்றால் கோர்ட் வேலை என்று ஒரு வேலை கிடையாது. ஐந்தாறு வேலைகள் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு, படிப்பு வேறு, போய்ச் சேரும் இடமும் வேறு.

உங்கள் ஊர் மாதிரி தாலுகா ஊரில் இருப்பது பெரும்பாலும் மாவட்ட முன்சீஃப் மற்றும் நீதித்துறை நடுவர் நீதிமன்றம். பெயர்தான் நீளம், உட்காருபவர் ஒரே ஒருவர். வரப்புத் தகராறு, நடைபாதை வழக்கு, புரோநோட்டுக் கடன் என்று வரும்போது அவர் முன்சீஃப். திருட்டு, அடிதடி, பெட்டி கேஸ் வரும்போது அவரே மாஜிஸ்திரேட். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம், சமூக சேவை செய்யவும் உத்தரவிடலாம். கொலை வழக்கை அவர் விசாரிக்க முடியாது, ஆனால் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும், அது ஞாயிற்றுக்கிழமையானாலும் தீபாவளியானாலும். அதனால் லீவு நாளிலும் நீதிபதிக்கு வேலை வரலாம், மகளின் கண் அந்த நாற்காலியில்தான் என்றால் இதையும் சொல்லிவைப்பது நல்லது. கோர்ட்டை அமைப்பது மாநில அரசு, உயர் நீதிமன்றத்தைக் கலந்துகொண்டு. சம்பளமும் அரசுப் பணம்தான். ஆனால் கட்டுப்பாடு அரசியல் சாசனத்தின் 235ஆவது பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் கையில். கலெக்டருக்கும் இந்த ஆபீஸுக்கும் மேலதிகாரி உறவு எதுவும் இல்லை.

இப்போது ஆபீஸ் பக்கம் வாருங்கள், உண்மையில் கோர்ட்டை ஓட்டுவது அதுதான். தலைமை எழுத்தர் ஒருவர், அவருக்குக் கீழே பிரிவு பிரிவாக உதவியாளர்கள். சிவில் பக்கம் புதிதாக வரும் பிராதைச் சரிபார்த்து, கோர்ட் ஃபீஸ் சரியா என்று பார்த்து, குறை இருந்தால் திருப்பி, சரியாக இருந்தால் ஓ.எஸ். என்ற சிவில் வழக்கு நம்பர் போடுவார்கள். கிரிமினல் பக்கம் போலீஸ் தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகைக்கு சி.சி. என்ற வழக்கு நம்பர், கொலை மாதிரி பெரிய குற்றங்களை விசாரிக்கும் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக வேண்டிய வழக்குக்கு பி.ஆர்.சி. நம்பர். பிடிபட்ட கத்தி, பைக், சாராய பாட்டில் எல்லாவற்றையும் ரசீதோடு வைத்துக் காக்கும் சொத்துப் பிரிவு ஒன்று உண்டு. ஒரு பொருள் காணாமல் போனாலும் அந்த மேசைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். நகல் பிரிவு தீர்ப்பு நகல் கொடுக்கும். நீதிபதிக்கு முன்னால் உட்கார்ந்து வழக்குக் கட்டுகளை எடுத்துக்கொடுத்து, அடுத்த வாய்தா தேதியைக் குறித்து, அதையெல்லாம் கம்ப்யூட்டரிலும் ஏற்றுபவர் பெஞ்ச் கிளார்க், அவருடைய ஒரு தேதி தப்பினால் யாரோ ஒரு பாட்டி பஸ் பிடித்து வந்து சும்மா திரும்பிப் போவார். இன்னொருவர் சாட்சி சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிறார். சாட்சி பேசுவது உங்கள் ஊர்த் தமிழ், அதில் ஒரு சொல்லைப் பிசகி அடித்தாலும் மேல்முறையீடு வரை அந்தத் தவறு போகும். வேகத்தை விட இந்தக் கவனம்தான் இங்கே பெரிது.

வெளியே சுற்றும் வேலையும் உண்டு. சம்மன் கொண்டுபோகும் பிராசஸ் சர்வர், தீர்ப்பை நிறைவேற்றும் அமீனா. கதவைத் திறக்காத வீட்டில் நோட்டீஸை ஒட்டிவிட்டு, எந்த நேரத்தில், யார் முன்னிலையில் ஒட்டினேன் என்று எழுதித் தர வேண்டும். கடனைக் கட்டாதவர் வீட்டுப் பொருளை ஜப்தி செய்வதும், இடத்தைக் காலி செய்து ஒப்படைப்பதும் அமீனாவின் பொறுப்பு. எதிர்ப்பு பலமாக இருந்தால் போலீஸ் பாதுகாப்பு கேட்டு உத்தரவு வாங்குவார்கள். என் கருத்தில் இதுதான் கோர்ட்டிலேயே கடினமான வேலை, ஆனால் இதைப் பற்றி யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

வாசல்களுக்கு வருவோம். இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் ஆகியோர் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழியாக வருகிறார்கள். இளநிலை உதவியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும், மற்ற இரண்டுக்கும் அதோடு தட்டச்சு, சுருக்கெழுத்துத் தேர்ச்சியும் வேண்டும். 200 கேள்வியில் பாதி தமிழ், அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாள் திருத்தப்படாது. தேர்வான பிறகு கவுன்சலிங்கில் துறையைத் தேர்வு செய்யும்போது நீதித்துறை அமைச்சுப் பணியை, அதாவது கோர்ட் ஆபீஸ் வேலையைக் கேட்க வேண்டும், பலர் இதைக் கவனிக்காமலேயே கண்ணில் படும் துறையைச் சொல்லிவிடுகிறார்கள். பிராசஸ் சர்வர், அமீனா, அலுவலக உதவியாளர் போன்ற பதவிகளுக்கு உயர் நீதிமன்றமே அறிவிப்பு விடுகிறது, 2024இல் மாநிலம் முழுக்க 2,300க்கும் அதிகமான இடங்களுக்கு விட்டார்கள். இந்த இரண்டு வாசலிலும் "எனக்கு ஜட்ஜைத் தெரியும், பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் நிற்பார். பேச்சே கொடுக்காதீர்கள்.

நீதிபதி நாற்காலிக்கு வழி முற்றிலும் வேறு. ஆபீஸில் சேர்ந்து பதவி உயர்வு வாங்கி வாங்கி ஒரு நாள் அங்கே போய் உட்காரலாம் என்ற எண்ணம் மகளுக்கு இருந்தால் இப்போதே கலைத்துவிடுங்கள். பி.காம். முடித்து மூன்று வருட சட்டப் படிப்பு, பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு, அகில இந்திய பார் தேர்வு, அதன் பிறகு சிவில் நீதிபதி தேர்வு. முன்பு படிப்பை முடித்த உடனே இந்தத் தேர்வை எழுத முடிந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் 3 ஆண்டு வக்கீல் அனுபவம் கட்டாயம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கணக்குப் போட்டால் 27 வயது ஆகிவிடும், அந்த மூன்று வருடம் சீனியர் வக்கீல் கொடுக்கும் பெட்ரோல் காசில்தான் ஓட்ட வேண்டியிருக்கும், வீட்டில் தாங்குவீர்களா என்பதைத் தயங்காமல் பேசுங்கள். தேர்வில் மொழிபெயர்ப்புக்கு என்று தனித் தாளே உண்டு, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும். கான்வென்ட் பிள்ளைகள் தடுமாறும் இடம் அது. அரசு உதவி வழக்கறிஞர் ஆக வேண்டுமானால் கிரிமினல் கோர்ட்டில் 5 ஆண்டு அனுபவம் கேட்பார்கள்.

பெண் பிள்ளை என்று தயங்குகிறீர்கள். உங்கள் ஊர் கோர்ட்டுக்கே போய்ப் பாருங்கள், வழக்கு விசாரணையை யார் வேண்டுமானாலும் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், செல்போனை அணைத்துவிட்டு அமைதியாக இருந்தால் போதும். காலை பத்தரைக்குப் பெயர் கூப்பிடும்போது இருங்கள். பெஞ்ச் கிளார்க், தட்டச்சர், ஏன், நீதிபதி நாற்காலியிலும் பெண்களைப் பார்க்க வாய்ப்பு அதிகம். இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். வெளியே வந்ததும் அந்த ஹாலில் யார் இடத்தில் உட்காரப் பிடித்தது என்று அவளைக் கேளுங்கள். கட்டைப் பிரித்துப் படிப்பவர் இடம் என்றால் குரூப் 4. எழுந்து நின்று வாதாடுபவர் இடம் என்றால் சட்டக் கல்லூரி. அமைதியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் இடம் என்றாலும் சட்டக் கல்லூரிதான், கூடவே பொறுமை.

எந்தப் பக்கம் போனாலும் வீணாகாதது டைப்ரைட்டிங். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் என்ற மேல்நிலைத் தேர்வு முடித்திருந்தால் தட்டச்சர் பதவிக்குத் தகுதி வந்துவிடும், வக்கீலானாலும் மனுவைத் தானே அடித்துக்கொள்ளலாம். கடைசி செமஸ்டர் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பக்கத்துத் தெரு இன்ஸ்டிட்யூட்டில் இந்த மாதமே சேர்த்துவிடுங்கள், லோயர் என்ற கீழ்நிலைத் தேர்விலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.