கிரெடிட் கார்டு பாக்கி 52,000 ரூபாய்: வீட்டில் சொல்லவா, செட்டில்மெண்டுக்குப் போகவா?

கேள்வி: தக்கலை பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு இன்ஜினியரிங் படிக்கிறேன். அப்பா குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டு வேலை. நான் சனி, ஞாயிறு நாகர்கோவிலில் சாப்பாடு டெலிவரி செய்து மாதம் ஐந்தாயிரம், ஆறாயிரம் சம்பாதிக்கிறேன். அந்த வருமானத்தைக் காட்டி ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். நண்பனுக்கு அதில் 18,000 ரூபாய்க்கு போன் எடுத்துக் கொடுத்தேன். டூருக்கு ஏடிஎம்மில் 10,000 எடுத்தேன். மீதி 14,000 செமஸ்டர் ஃபீசுக்கும் பைக் வேலைக்கும் போனது. நண்பன் பணம் தரவில்லை. மூன்று கெடு தவறிவிட்டது, முதல் கெடு முடிந்து 75 நாள் ஆகிறது. 42,000 இப்போது 52,000 ஆகிவிட்டது. வசூலுக்குப் பேசுகிறவர், “30,000 கட்டு, கணக்கை முடித்துத் தருகிறேன், இல்லையென்றால் வீட்டுக்கு போலீஸ் வரும்” என்கிறார். லோன் ஆப்பில் எடுத்துக் கட்டலாமா? வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவிடம் இரண்டு பவுன் சங்கிலி இருக்கிறது. கேட்க மனம் வரவில்லை.

– வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: தம்பி, முதலில் அந்த போலீஸ் பயத்தை இறக்கி வையுங்கள். கார்டு பாக்கி கட்டாதது சிவில் விவகாரம். வங்கி வழக்குப் போடலாம், பணத்தைக் கேட்கலாம், ஆனால் கட்ட முடியவில்லை என்பதற்காக யாரும் உங்களைக் கைது செய்ய வர மாட்டார்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: அந்த ஆள் கேட்டார் என்று பின்தேதி போட்ட செக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். செக் பணமில்லாமல் திரும்பினால் அது குற்ற வழக்காகிவிடும்.

இனி கணக்கைப் பார்ப்போம். உங்களைப் பயமுறுத்த வேண்டியது அதுதான். கார்டு வட்டி பல வங்கிகளில் மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும், வருடத்துக்கு 42. உங்கள் 42,000-க்கு ஒரு மாத வட்டி 1,470. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 1,735 ஆகிறது. கெடு தவறிய ஒவ்வொரு மாதமும் தாமதக் கட்டணம் 900 என்று வைத்தால் வரியோடு 1,062. நான்கு மாத வட்டியும் மூன்று தாமதக் கட்டணமும் கூட்டிப் பாருங்கள், பத்தாயிரத்தைத் தாண்டும். உங்கள் 52,000 இப்படித்தான் வந்திருக்கிறது. ஏடிஎம்மில் எடுத்த 10,000-க்கு எடுத்த அன்றிலிருந்தே வட்டி, அதற்கென்று தனிக் கட்டணமும் உண்டு. பாக்கி நிற்கிற வரை புதிதாக எதை வாங்கினாலும் அதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. அதனால் கார்டை இன்றே பர்ஸிலிருந்து எடுத்து வீட்டில் வையுங்கள்.

இன்னொரு எண் 90. ஸ்டேட்மெண்டில் போட்டிருக்கிற குறைந்தபட்சத் தொகையை முழுதாகக் கட்டாமல் கெடு நாளிலிருந்து 90 நாள் தாண்டினால், வங்கி உங்கள் கணக்கை வாராக்கடன் என்று வகைப்படுத்தும். உங்களுக்கு 75 ஆகிவிட்டது. மீதி 15 நாள்தான். அதற்குள் பணம் எங்கிருந்து வரும் என்று யோசித்தால் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. கேட்க மனம் வரவில்லை என்கிறீர்களே, அந்தச் சங்கிலி.

நம் ஊரில் ஜூன் மாதம் பிள்ளைகளின் ஃபீசுக்கு நகையைப் பணயம் வைத்து, கையில் காசு வரும்போது மீட்பது எத்தனையோ வீடுகளில் பழகிய விஷயம். உங்கள் அம்மாவுக்கு அது புதிதாக இருக்காது. பிள்ளை மூன்று மாதமாக மறைத்தான் என்பதுதான் அவரை நோகடிக்கும். அந்த நோவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வசூல்காரர் வாயிலிருந்து கேள்விப்படுவதைவிட உங்கள் வாயிலிருந்து கேட்பது நல்லது. அப்பாவிடம் பேசப் பயமென்றால் அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். ஸ்டேட்மெண்டைக் கையில் வைத்துக்கொண்டு, போன், டூர், ஃபீஸ் என்று ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள். பாதியை மறைத்துச் சொன்னால் இரண்டாம் முறை நம்ப மாட்டார்.

வங்கியிலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் நகைக்கடன் வட்டி பெரும்பாலும் வருடத்துக்கு 9 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்கும். தனியார் நகைக்கடன் நிறுவனங்களில் கூடலாம், இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவிட்டு வையுங்கள். 52,000-க்குப் பத்து சதவீதம் என்றால் மாதம் 433 ரூபாய். அதே பாக்கி கார்டில் கிடந்தால் வட்டியும் வரியுமாக மாதம் 2,148, அதற்கு மேல் தாமதக் கட்டணம். இரண்டு பவுனுக்கு இன்றைய விலையில் 52,000-ஐவிடக் கூடுதலாகவே தருவதாகச் சொல்வார்கள். வாங்காதீர்கள். பாக்கித் தொகை எவ்வளவோ அவ்வளவு மட்டும்.

அந்தப் பாக்கியையே மாதத் தவணையாக மாற்றித் தருவதாக வங்கியும் சொல்லக்கூடும். நகையே இல்லாத வீட்டுக்கு அது சரியான வழி, கார்டு வட்டியைவிடக் குறைவாகவும் இருக்கும். உங்கள் வீட்டுக்கு எனக்குத் தயக்கம். மழை பெய்தால் வெட்டு இல்லை, மரம் இலை உதிர்க்கிற மாதங்களிலும் பால் குறையும். பரீட்சை வந்தால் உங்கள் டெலிவரியும் நிற்கும். இப்படி ஏறி இறங்குகிற வருமானத்தில் மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை கட்டுவது கஷ்டம். நகைக்கடனில் கையில் காசு இருக்கும்போது இரண்டாயிரமோ ஐந்தாயிரமோ கட்டி அசலைக் குறைக்கலாம். இடையில் கட்டினால் அசலில் கழிப்பார்களா என்று வைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் சராசரி 4,500 கட்டினால் சுமார் ஒரு வருடத்தில் சங்கிலி அம்மா கழுத்துக்கு வந்துவிடும், மொத்த வட்டி மூவாயிரத்துக்குள் அடங்கும். இதைக் கட்ட வேண்டியது உங்கள் டெலிவரிக் காசு, அப்பாவின் வெட்டுக்கூலி அல்ல. நண்பனிடமும் பேசுங்கள். 18,000 மொத்தமாகத் தர முடியாவிட்டால் மாதம் 1,500 அனுப்பட்டும். வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

30,000-க்கு முடிக்கலாம் என்ற பேச்சுக்கு வருகிறேன். 22,000 மிச்சம் என்று தோன்றும். ஆனால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் இந்தக் கணக்கு ‘முழுதாகக் கட்டி முடித்தது’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று வரும். பல வருடம் கழித்து வீட்டுக்கடன் கேட்டுப் போனாலும் அந்தச் சொல் குறுக்கே நிற்கும். வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நாகர்கோவிலில் நிறைய. அவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்: கடன் பாக்கி வரலாறு காரணமாக ஒருவரின் பணி நியமனத்தை எஸ்பிஐ ரத்து செய்ததை 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் சரி என்று சொன்னது. நகையும் இல்லை, வேறு வழியே இல்லை என்கிறவர்களுக்குத்தான் செட்டில்மெண்ட். உங்களுக்கு வழி இருக்கிறது.

லோன் ஆப் வேண்டவே வேண்டாம். வாங்கியவர்களின் போனிலுள்ள எண்களையெல்லாம் எடுத்து மிரட்டுகிற ஆப்கள் இருக்கின்றன. யாராவது அப்படி மாட்டியிருந்தால் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

வசூல்காரர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. நண்பர்களையோ உறவினர்களையோ அழைத்து மானத்தை வாங்குவதும் கூடாது. பேச்சைப் பதிவு செய்து வங்கிக்கு மின்னஞ்சலில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் போகலாம், விவரம் கேட்க 14448. வசூல்காரருடைய சொந்த யுபிஐ எண்ணுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். பணம் போவது உங்கள் கார்டு கணக்குக்கு மட்டும்.

கட்டுவதற்கு முன்பு வங்கியை அழைத்து, அன்றைய தேதிக்கு முழுத் தொகை எவ்வளவு என்று கேளுங்கள், ஸ்டேட்மெண்ட் வந்த பிறகும் வட்டி ஓடியிருக்கும். தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லியும் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை என்றால் சில சமயம் குறைப்பார்கள். கட்டியதும் கார்டை ரத்து செய்ய எழுதுங்கள். பாக்கி இல்லாத கார்டை வங்கி ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ‘பாக்கி இல்லை’ கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒன்று இலவசம். தவறிய மூன்று மாதங்கள் அதில் தெரியத்தான் செய்யும். பாக்கி பூஜ்யம் என்று இருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கி கிடையாது, உங்கள் 15 நாளில் அப்படி ஒரு சனியும் வரலாம். இன்றிரவே அம்மாவிடம் பேசிவிடுங்கள்.