வீட்டிலிருந்து பத்தடியில் 40 அடி உயர குல்மொகர் மரம் நிற்கிறது, புயலுக்கு முன் மொட்டையடித்து விடலாமா?

மொட்டையடிக்க வேண்டாம். வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு. சில ஆண்டுகளில் அவைதான் முதலில் முறியும். காய்ந்த கிளைகள், கூரைக்கு மேல் நீண்டவை ஆகியவற்றைக் கழித்து, காற்று ஊடுருவும்படி உள்கிளைகளைக் குறைத்தால் போதும். மழைக்காலத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் கவலை நியாயமானது. 40 அடி மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்தால் பத்தடியில் உள்ள வீடு தப்பாது. குல்மொகருக்கு மேலோட்டமான வேர், எளிதில் முறியும் கட்டை. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது இத்தகைய மரங்கள் ஏராளமாக விழுந்தன.

காற்றின் வேகம் இரட்டிப்பானால் மரத்தின் மீதான விசை நான்கு மடங்காகும். ஊறிய மண்ணோ வேரைப் பிடித்து வைக்காது. அதனால் கிளையைவிட அடிமரத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மதில், கழிவுநீர்க் குழாய், சிமென்ட் தளம் என்று எதற்காவது ஒரு பக்க வேரை வெட்டியிருக்கிறீர்களா? அடியில் காளான், பொந்து, மண்ணில் புது வெடிப்பு, அண்மையில் தொடங்கிய சாய்வு இருந்தால், ஆள் வைத்து மரத்தையே எடுப்பது நல்லது. தெருமரம் என்றால் மாநகராட்சியிடம் சொல்லுங்கள்.

புயலன்று மரத்தின் பக்கமுள்ள அறையில் படுக்காதீர்கள். புயலின் கண், அதாவது அதன் நடுப்பகுதி, கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். வெளியே போகாதீர்கள், அடுத்து எதிர்த்திசையிலிருந்து வீசும். விழுந்த கிளையில் மின்கம்பி சிக்கியிருந்தால் மின்வாரியம் வரும்வரை கிட்டப் போகவே கூடாது.